கருப்பட்டிக்கு மாறினால் கல்லீரல் கொழுப்பு குறையுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 44 வயசு, ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். எடை 92 கிலோ, உயரம் 168 செ.மீ. தண்ணி, சிகரெட் எதுவும் கிடையாது. வயிறு உப்புசம் என்று ஸ்கேன் எடுத்ததில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 2' என்று வந்தது. எஸ்.ஜி.பி.டி. 78, எஸ்.ஜி.ஓ.டி. 52, டிரைகிளிசரைடு 260, மூன்று மாதச் சர்க்கரை 5.9, தட்டணுக்கள் 2,40,000. அன்றைக்கே வீட்டில் சீனியை நிறுத்திவிட்டேன். இப்போது நாலு வேளையும் கருப்பட்டிக் காப்பிதான், காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன். சாயந்திரம் கடையில் ஒரு கலர் குடிப்பது மட்டும் பழக்கம். டவுனுக்குப் போனால் அல்வா வாங்காமல் வரமாட்டார். என் மதினி, "சுகர் ஃப்ரீ மாத்திரை போடு" என்கிறார். கொழுந்தனாரோ அதைப் போட்டால் கேன்சர் வரும் என்கிறார். மகனுக்கு 13 வயசு, 68 கிலோ. டயட் கோலா குடித்தால் குண்டாக மாட்டேன் என்று சாதிக்கிறான். யார் சொல்வதைக் கேட்பது, டாக்டர்?
– ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: சகோதரிக்கு, ரிப்போர்ட்டில் இருந்த எண்களை எல்லாம் எழுதி அனுப்பியது ரொம்ப நல்லது. 'லிவர்ல கொழுப்பாம்' என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு கல்லீரல் நொதிகள், தட்டணு எண்ணிக்கை, இந்த நான்கையும் வைத்து 'ஃபிப்-4' என்று ஒரு கணக்குப் போடுவோம். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை அது காட்டும். உங்கள் வீட்டுக்காரருக்குப் போட்டுப் பார்த்தேன், 1.08 வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. ஸ்கேனில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதைத்தான் 'கிரேடு 2' சொல்கிறது. நோய் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சரிசெய்யக்கூடிய இடத்தில்தான் இருக்கிறார். ஆனால் 5.9 என்பது சர்க்கரை நோய்க்கு முந்திய படி. 5.7-இல் தொடங்கி 6.4 வரை அந்தப் படிதான். டிரைகிளிசரைடும் 150-க்குள் இருக்க வேண்டியது 260 இருக்கிறது. மூன்றும் ஒரே சங்கதியின் மூன்று முகங்கள்.

இனி கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டியைக் குறை சொல்லிவிட்டு நம் பக்கத்தில் நடமாட முடியாது என்று எனக்கும் தெரியும். நானும் அந்தக் காப்பி குடித்து வளர்ந்தவன்தான். வாசனையில், ருசியில் சீனி அதன் பக்கத்தில் வர முடியாது. கொஞ்சம் இரும்பு, பொட்டாசியம் போன்ற தாதுக்களும் அதில் இருக்கின்றன. எல்லாம் சரி. ஆனால் பதநீரைக் காய்ச்சி வற்ற வைத்தால் மிஞ்சுவதில் முக்கால் பங்குக்கும் மேல் சுக்ரோஸ். டப்பாவில் இருக்கும் வெள்ளைச் சீனியும் அதே சுக்ரோஸ். காப்பியில் போடும் அளவுக்கு அதிலுள்ள தாதுக்கள் பெரிய வித்தியாசம் செய்துவிடாது. குடலுக்குள் போனதும் இரண்டும் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ் என்று உடைந்துவிடும். அதற்கு மேல் பனையா கரும்பா என்று கல்லீரலுக்குத் தெரியாது. சந்தையில் சீனிப்பாகு கலந்த கருப்பட்டியும் உலவுகிறது, அது வேறு கதை.

இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், 'நல்லது' என்று மனசில் பதிந்துவிட்டால் கை தாராளமாகிவிடும். சீனி போட்ட நாளில் காப்பிக்கு ஒன்றரை ஸ்பூன் போட்டிருப்பீர்கள். கருப்பட்டியை உடைத்துப் போடும்போது எத்தனை கிராம் என்று யார் பார்க்கிறார்கள்? அடுத்த முறை உடைக்கும்போது ஒரு துண்டை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 15 கிராம் சர்வசாதாரணமாக இருக்கும்.

ஒரு நாள் கணக்கைப் போட்டுவிடுவோம். நாலு காப்பிக்கு 60 கிராம் கருப்பட்டி என்றால், குறைத்து மதிப்பிட்டாலும் 45 கிராம் சர்க்கரை. காலையில் ஒரு மேசைக்கரண்டி தேன், அதில் 16 கிராம். சாயந்திரம் 250 மில்லி கலர், அதில் ஏறக்குறைய 25 கிராம். மொத்தம் 86. சீனியை நிறுத்திவிட்ட வீட்டின் கணக்கு இது! அல்வாவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. உணவில் சேர்க்கும் சர்க்கரையும், தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து மொத்த சக்தியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னது.

86 என்றதும் எனக்கு ஒரு சோதனை நினைவுக்கு வருகிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் செய்தது, 2021-இல் வெளியானது. பருமன் இல்லாத, நோய் நொடி இல்லாத 94 இளைஞர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு ஏழு வாரம் தினமும் 80 கிராம் சர்க்கரை கலந்த பானம் கொடுத்தார்கள். சிலருக்கு ஃபிரக்டோஸ், சிலருக்குச் சாதாரணச் சீனி, சிலருக்குக் குளுக்கோஸ். மிச்சம் பேருக்கு அந்தப் பானமே இல்லை. பானம் குடித்தவர்கள் மற்ற சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதால் மொத்தக் கலோரி கூடவில்லை. அப்படியிருந்தும் ஃபிரக்டோஸ் குடித்தவர்கள், சீனி குடித்தவர்கள் இரு தரப்பிலும், கல்லீரல் தானே புதிதாகக் கொழுப்பு தயாரிக்கும் வேகம் பானம் குடிக்காதவர்களைவிட இரண்டு மடங்காக இருந்தது. குளுக்கோஸ் குடித்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை. ஒல்லியான பையன்களுக்கே இப்படி என்றால், ஏற்கெனவே கொழுப்பு சேர்ந்த கல்லீரலுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? உங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் கன்னடியன் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். வயலுக்குத் தண்ணீர் போதும் என்றால் மடையை அடைத்துவிடலாம். கல்லீரலுக்குள் குளுக்கோஸ் உடையும் வழியில் அப்படி ஒரு மடை இருக்கிறது. சக்தி போதும் என்ற நிலை வந்தால் அந்த வழி மட்டுப்படும். குளுக்கோஸில் பெரும்பகுதியைத் தசையும் மூளையும் வேறு எடுத்துக்கொள்ளும். ஃபிரக்டோஸோ மடை இல்லாத வாய்க்காலில் வருகிறது. கொஞ்சமாக, மெதுவாக வந்தால் சிறுகுடலே ஒரு பகுதியைச் சமாளித்துவிடும். ஒரே மடக்கில் நிறைய வந்தால் நேரே கல்லீரலுக்குப் போகும், வந்த வேகத்தில் உடையும், மிஞ்சியது கொழுப்பாகும். அந்தக் கொழுப்பில் ஒரு பங்கு கல்லீரலிலேயே தங்குகிறது. இன்னொரு பங்கு ரத்தத்தில் ஏறுகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் 260 என்று இருக்கிறதே, அது பெரும்பாலும் இப்படி வந்ததுதான். கொழுப்பு அடைந்த கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்காது. ராத்திரி முழுக்கத் தேவையில்லாமல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அங்கிருந்துதான் 5.9 வருகிறது. ஃபிரக்டோஸ் அவசரமாக உடையும்போது யூரிக் அமிலமும் கூடும். அடுத்த பரிசோதனையில் அதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

தேன் இன்னும் ஒரு படி மேலே. அதில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ்தான் அதிகம். வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன் குடித்தால் கொழுப்பு கரையும் என்பது எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை, ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதைக் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நாளையிலிருந்து அதை நிறுத்துங்கள். வெந்நீர் இருக்கட்டும், தேன் வேண்டாம்.

கலர் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவர் ஒரே ஒன்றைத்தான் விடுவேன் என்று அடம்பிடித்தால், அது கலராக இருக்கட்டும். மென்று தின்பதற்கு வயிறு ஒரு கட்டத்தில் போதும் என்று சொல்லும். குடிக்கிற இனிப்புக்கு அந்தக் கணக்கு சரியாக வராது. 25 கிராம் சர்க்கரை இரண்டு நிமிஷத்தில் உள்ளே போய்விடும், ராத்திரி இரண்டு தோசை அதற்காகக் குறையாது. நன்னாரி சர்பத், பன்னீர் சோடா, சீனி போட்ட சாத்துக்குடி ஜூஸ் எல்லாம் இதே வகை. பதநீரும்தான். ஒரு பனையோலைப் பட்டை நிறையக் குடித்தால் 30 கிராம் சர்க்கரைக்குக் குறையாது. சீசனில் எப்போதாவது அரைப் பட்டை குடிக்கட்டும், தினம் வேண்டாம். நுங்கு அந்தளவுக்கு இனிப்பு இல்லை, சாப்பிடலாம். முழுப் பழத்துக்கும் பயப்பட வேண்டாம். நாரோடு மென்று தின்னும் ஒரு கொய்யாவோ ஒரு கதலியோ இந்தக் கணக்கில் வராது.

சரி, மதினி சொல்லும் மாத்திரைக்கு வருவோம். அஸ்பார்டேம், சுக்ரலோஸ், சாக்கரின், ஸ்டீவியா என்று பல உண்டு. சீனியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு இனிப்பு என்பதால் ஒரு துளி போதும், கலோரி கிட்டத்தட்ட இல்லை. கல்லீரலில் ஃபிரக்டோஸ் போலக் கொழுப்பாக மாறுவதில்லை. டென்மார்க்கில் 2012-இல் வந்த ஒரு சோதனையில், எடை கூடியவர்களை நாலு குழுவாகப் பிரித்து ஆறு மாதம் தினம் ஒரு லிட்டர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரணக் கோலா, ஒன்றுக்குப் பால், ஒன்றுக்கு டயட் கோலா, ஒன்றுக்குத் தண்ணீர். சாதாரணக் கோலா குழுவில் கல்லீரல் கொழுப்பு ஏறியது. டயட் கோலா குடித்தவர்கள் ஏறக்குறைய தண்ணீர் குடித்தவர்களைப் போலவே இருந்தார்கள். ஆகவே 'மாத்திரையும் சீனியும் ஒரே விஷம்' என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் மதினி நினைப்பதுபோல அது வைத்தியமும் கிடையாது. எடையைக் கட்டுப்படுத்த இந்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுரை வெளியிட்டது. ஸ்டீவியாவுக்கும் சேர்த்துத்தான். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. குறுகிய காலச் சோதனைகளில் எடை கொஞ்சம் குறைகிறது. ஆனால் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், இவற்றை நிறையப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாகத் தெரிகின்றன. இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே குண்டாக இருப்பவர்தானே மாத்திரைக்குப் போகிறார்? எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம். 2022-இல் இஸ்ரேலில் 120 பேரை வைத்துச் செய்த சோதனையில், சாக்கரினும் சுக்ரலோஸும் இரண்டே வாரத்தில் சிலருக்குக் குளுக்கோஸைக் கையாளும் திறனைக் குறைத்தன, குடல் நுண்ணுயிர்களும் மாறின. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆகவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

என் அபிப்பிராயம் இது. இனிப்பில்லாத காப்பியை நினைத்தாலே முகம் சுளிக்கிறவர் என்றால், இரண்டு மூன்று மாதம் காப்பிக்கு ஒரு மாத்திரை போட்டுப் பழகி, அப்புறம் அரையாக்கி, அப்புறம் விட்டுவிடலாம். 'மாத்திரைதானே போட்டேன்' என்று சாயந்திரம் இரண்டு பரோட்டா கூடுதலாகப் போகும் என்றால் அந்த மாத்திரைக்கு அர்த்தமே இல்லை.

கொழுந்தனாருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் காற்றில் பேசவில்லை. 2023 ஜூலையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அஸ்பார்டேமை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது உண்மை. ஆதாரம் வலுவாக இல்லாதபோது வைக்கும் பிரிவு அது. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதை அந்தப் பிரிவு சொல்வதில்லை. அதைப் பார்க்கும் நிபுணர் குழு அதே நாளில், உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 92 கிலோ உள்ளவருக்கு அது 3,680 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் சுமார் 20 மில்லிகிராம்தான் இருக்கும். நூற்றைம்பது மாத்திரைக்கு மேல் போட்டால்தான் அந்த வரம்பையே தொடுவார். நாலு காப்பிக்கு நாலு மாத்திரை என்பதற்காக ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற அபூர்வமான பிறவிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

வாங்குவதாக இருந்தால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பொடியாக வருவதில் அளவைக் கூட்டிக் காட்ட டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று மாவுச்சத்து கலந்திருப்பார்கள். அஸ்பார்டேமைப் பாயசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் இனிப்பே போய்விடும். இறக்கிய பிறகுதான் போட வேண்டும். 'சுகர் ஃப்ரீ' ஸ்வீட் என்று ஸ்டாலில் விற்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் மால்டிட்டால், சார்பிட்டால் இருக்கும். அவற்றுக்குக் கலோரியும் உண்டு. நாலு துண்டு சாப்பிட்டால் வயிறு ஊதி, கழிவறைக்கு ஓட வைக்கும். உப்புசம் என்று ஸ்கேன் எடுத்தவருக்கு இது தேவையா? நெய்யும் அதில் குறையாது.

அதற்கு நல்ல அல்வாவே மேல் என்பேன். சம்பாக் கோதுமைப் பாலுக்கு இரண்டு பங்குக்கு மேல் சீனி இறங்கும், நெய்யும் கையில் வழியும், அதை மறைக்க முடியாது. ஆனால் அரைக்கிலோ பொட்டலம் வாங்கிவந்து ஃப்ரிட்ஜில் வைத்து, போகும்போதும் வரும்போதும் ஒரு விள்ளல் எடுப்பதுதான் ஆளைக் கெடுக்கிறது. டவுனுக்கு வந்தால் கடையிலேயே நின்று, சூடாக ஐம்பது கிராம் இலைத்துண்டில் வாங்கி, ரசித்துச் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறட்டும். மாதத்துக்கு இரண்டு தடவை அப்படி என்றால் நான் கேட்கவே மாட்டேன். பொட்டலம் மட்டும் வீட்டுக்கு வரக் கூடாது.

மகனைப் பற்றி நீங்கள் கடைசியில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவன்மீதுதான் கவலை அதிகம். 13 வயசில் 68 கிலோ என்றால் அவனுக்கும் ஒரு எஸ்.ஜி.பி.டி. பார்ப்பது அவசியம். கல்லீரல் கொழுப்பு உள்ள 40 பையன்களை வைத்து அமெரிக்காவில் செய்த சோதனை 2019-இல் வந்தது. சராசரி வயசு உங்கள் மகன் வயசுதான். பாதிப் பேருக்கு எட்டு வாரம் சேர்க்கை இனிப்பு ஏறக்குறைய இல்லாத சாப்பாடு. அவர்களின் கல்லீரல் கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கியது. வழக்கம்போலச் சாப்பிட்டவர்களுக்கு 21-லிருந்து 20, அவ்வளவுதான். எனக்கு அதில் பிடித்தது வேறு ஒன்று. பையனுக்கு மட்டும் தனித்தட்டு போடவில்லை, வீடு முழுக்க அந்தச் சாப்பாட்டுக்கு மாற்றினார்கள். அப்பா கலர் குடிக்க, மகனை மட்டும் தண்ணீர் குடிக்கச் சொன்னால் எந்தப் பையன் கேட்பான்? டயட் கோலா பற்றி அவன் சொல்வதில் பாதி உண்மை. சாதாரணக் கோலாவை விட்டுவிட்டு அதைக் குடித்தால் சர்க்கரை மிச்சம்தான். ஆனால் வளர்கிற பிள்ளை நாக்கை அந்த இனிப்புக்குப் பழக்குவது எனக்குச் சம்மதமில்லை. உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்த தண்ணீர் இருக்கட்டும். எடையைச் சொல்லி அவனைக் கேலி செய்யாதீர்கள், சொந்தக்காரர்களையும் செய்ய விடாதீர்கள். திருட்டுத்தனமாகத் தின்ன ஆரம்பிப்பான்.

வீட்டுக்காரருக்கு என்ன செய்யலாம்? நாலு காப்பி இரண்டாகட்டும், துண்டுக் கருப்பட்டி கால் துண்டாகட்டும். ஒரே நாளில் வேண்டாம், வாரத்துக்கு வாரம் குறைத்தால் நாக்கு கூடவே வரும். காப்பியை நான் நிறுத்தச் சொல்லவில்லை. காப்பி குடிக்கிறவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மதியம் சோறு ஒரு கரண்டி குறைந்து, காயும் பருப்பும் கூடட்டும். எட்டு மணிக்குக் கடை அடைத்துவிட்டுப் பரோட்டா சால்னாவோடு வருகிற பழக்கம் இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தினம் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். கடைக்குள் நடப்பது கணக்கில் சேராது.

இலக்கு எடைதான். 92-இல் 5 சதவீதம், அதாவது நாலரைக் கிலோ இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். ஆறரைக் கிலோ என்றால் அழற்சி தணிய நல்ல வாய்ப்பு. ஒன்பது கிலோ போனால் தழும்பு இருந்தாலும் அதுகூடப் பலருக்குக் குறைகிறது. மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் அவசரப்பட வேண்டாம். பட்டினி கிடந்து சடாரென்று இறக்கினால் பித்தப்பையில் கல் சேரும். தொப்புள் மட்டத்தில் டேப் பிடித்து இடுப்பையும் அளந்து எழுதி வையுங்கள். ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் டேப்புக்கா பஞ்சம்? நம்மூர் ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது.

'லிவர் கரைக்கும்' பொடி, லேகியம் என்று யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். கொரோனா காலத்தில் சீந்தில் கொடிச் சாற்றைத் தினமும் குடித்துக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., டிரைகிளிசரைடு, மூன்று மாதச் சர்க்கரை, தட்டணு, யூரிக் அமிலம் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் இதுவரை பார்க்கவில்லை என்றால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எண்கள் இறங்காவிட்டால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கண் மஞ்சளானால், கால் வீங்கினால், வாந்தியில் ரத்தமோ மலம் கறுப்பாகவோ வந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சாதாரண ஸ்கேனை ஆறு மாதத்துக்கு முன்னால் மறுபடி எடுக்க வேண்டாம். கொழுப்பு கொஞ்சம் குறைந்திருந்தாலும் அதில் தெரியாது, காசுதான் வீண்.